காணாத துகள்

சால்ட் லேக்,
வியாழக்கிழமை

அன்புள்ள ரோஹிணி,

கட்டுரையை அனுப்பிவிட்டேன். எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிய பழைய தரவுகளில் பன்னிரண்டு வருடமாகத் தேடிய, சூப்பர்சிமெட்ரி என்ற கோட்பாடு சொல்லும் துகள் கிடைக்கவில்லை.

அது கருவியில் தென்படாது. மோதலில் சிதறிய மற்றவற்றின் ஆற்றலைக் கூட்டி, எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, ஏதோ ஒன்று வெளியேறிவிட்டது என்று சொல்ல வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்பார்கள்.

செவ்வாயன்று எதிர்வீட்டு வங்காளி அண்ணி, நம்ம பௌதி, "ரோஹிணியைக் காணோமே?" என்றார். "உள்ளேதான் இருக்கா" என்றேன். அப்புறம்தான் ஃபிரிட்ஜ் மேல் நீ எழுதிவைத்துப் போன சீட்டைப் பார்த்தேன். சனிக்கிழமைத் தேதி போட்டிருந்தாய். மூன்று நாளும் ஒற்றை டம்ளரைத்தான் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.

வா என்று கூப்பிட எனக்கு என்ன யோக்கியதை?

பௌதி இன்றும் கேட்டார். அதே பதிலைத்தான் சொன்னேன், இந்த முறை தெரிந்தே.

உன் கணவன்