முன்சக்கரத்தின் அம்புக்குறி

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? என் புத்தகத்துக்கு நீ வரைந்தனுப்பிய படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தலைவலி. ரப்பர் பேண்ட் கார் பாடத்தில் பின்சக்கரத்தின் உராய்வு விசையை முன்னோக்கிக் காட்டியிருக்கிறாய், சரி. முன்சக்கரத்துக்கு மட்டும் ஏனப்பா பின்னோக்கி? ஒரே கார், ஒரே தரை! இருபத்திரண்டு வருஷமாக இயற்பியல் நடத்துகிறேன், என் மானத்தை வாங்காதே. உடனே திருத்தி அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

கொஞ்சம் பொறுமையாகப் படி. ரப்பர் பேண்ட் பின் அச்சைத்தான் இழுத்துச் சுழற்றுகிறது. பின்சக்கரம் தரையைப் பின்னால் தள்ள, தரை அதை முன்னால் தள்ளுகிறது. முன்சக்கரத்தை எந்த ரப்பரும் சுழற்றவில்லை. கார் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது; தரை அதன் அடியைப் பின்னால் பிடித்து இழுப்பதால்தான் உருள்கிறது. நீ சொல்கிறபடி என்றால் சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். நான் வேலை பார்க்கும் பட்டறையில் அந்தக் காரைச் செய்து ஓட்டியே பார்த்துவிட்டேன். நீயும் செய்து பார், அரை மணி நேர வேலை. படத்துக்குக் கீழே என் பெயர் வரப்போகிறது, தப்பாக வரைய மாட்டேன்.

தம்பி

ஜூன் 12

தம்பி,

அரை மணி நேரமா? அச்சகத்துக்காரர் உயிரை எடுக்கிறார். அம்புக்குறியை நானே அழித்து மாற்றிக் கொடுத்துவிட்டேன். நீ படம் போடு, போதும். விசையும் திருப்பு விசையும் உனக்கெதற்கு? கோபித்துக்கொள்ளாதே.

அக்கா

ஆகஸ்ட் 20

அன்புத் தம்பிக்கு,

புத்தகம் வந்து ஒரு மாதம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. என்னடா இது?

நேற்று வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "மிஸ், தரை முன்னாடி தள்ளினா முன்சக்கரம் ரிவர்ஸ்ல இல்ல மிஸ் சுத்தணும்?" என்றாள். "உக்காரு" என்று அதட்டினேன். வேறென்ன செய்ய? வீட்டுக்கு வந்து அட்டையும் மூடிகளும் வைத்துக் கார் செய்தேன். முன்சக்கரங்களை மட்டும் எண்ணெய் தடவிய கண்ணாடியில் நிறுத்திவிட்டேன். கார் கிளம்பியது, அவை சுற்றாமல் வழுக்கிக்கொண்டே போயின. கண்ணாடியைத் தாண்டித் தரை பிடித்த பிறகுதான் சுற்றின. நீ சொன்னதுதான் சரி. இதை எழுதுவதற்குள் நாலு தாளைக் கிழித்துப் போட்டேன்.

எல்லாப் பிரதியிலும் ஒட்டத் திருத்தச் சீட்டு அடித்திருக்கிறேன், ஒன்று இணைத்துள்ளேன்: 'தவறு ஆசிரியருடையது. படம் வரைந்தவர் சரியாகவே வரைந்திருந்தார்.' இரண்டாம் பாகத்துக்கும் நீதான் வரைய வேண்டும். மாட்டேன் என்று சொல்லிவிடாதே.

உன் அக்கா

ஆகஸ்ட் 27

அக்கா,

சீட்டு வந்தது. புத்தகத்தைப் பார்த்துப் பட்டறையில் எல்லாரும், "அண்ணே, நீங்களா இத வரைஞ்சீங்க?" என்று சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். 'நீ படம் போடு, போதும்' என்று எழுதினாயே, அதுதான் ஆறவில்லை. நீ படித்தவள், நான் பட்டறைக்காரன். சின்ன வயதிலிருந்தே இதே பாட்டு. ஒரு கடிதத்தில் அது போய்விடுமா?

இரண்டாம் பாகத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள். விடுமுறைக்கு எப்போதும்போல வீட்டுக்கு வா. புத்தகப் பேச்சை எடுத்தாயானால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவேன்.

தம்பி