பெட்டி இல்லாத அடக்கப் பூசை

டுலூத்,
ஏப்ரல் 16, 2012

அன்புள்ள வாண்டாவுக்கு,

லூசில் எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் அட்டை தவிர என்னிடமிருந்து வேறெதுவும் வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. யார் செத்துப்போனார்களோ என்று உறையைப் பிரிக்காமலே பயந்திருப்பாய். ஒருவரும் சாகவில்லை. சாகப்போவது நம் கோவில் பங்குதான்.

சாமியார்கள் போதவில்லையாம், மூன்று பங்குகளை ஒன்றாக்குகிறார்கள். புனித ஒத்தீலியா பள்ளியைப் பூட்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இப்போது கோவிலையும் பூட்டுகிறார்கள். இரண்டையும் வாங்கியவன் அடுக்கு வீடுகளாக மாற்றப்போகிறான். நாம் பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டிய ஆறாம் வகுப்பறையில் எவனோ குளியல் தொட்டி வைப்பான். வைக்கட்டும், அந்த அறைக்கு அப்போதாவது வெந்நீர் கிடைக்கும்.

ஜூன் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, பழைய மாணவர்கள் கூடுகிறோம். கோவிலில் பூசை, பிறகு கீழே கூடத்தில் பொரித்த மீன். ஆளாளுக்குப் போன் போட்டு ஞாபகங்களைப் பிடுங்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அட்டைப் பலகையில் உட்கார்ந்து பள்ளிச் சரிவில் சறுக்கியது, பால் புட்டி உறைந்து மூடி எழும்பி நின்றது, எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. எனக்கென்று தனியாக ஞாபகம் எதுவும் கிடையாது, எல்லாவற்றிலும் நீதான். நீ டுடெக், உனக்குப் பின்னால் நான் டுஃபோ. பெயர் வரிசைப்படி உட்காரவைத்த புண்ணியத்தில் ஆறு வருஷம் உன் சடையைப் பார்த்தே படித்தேன். கரும்பலகையைப் பார்த்ததாக நினைவில்லை. என் மதிப்பெண்ணும் அதைத்தான் சொல்லும்.

யாரிடம் பேசினாலும் கடைசியில் வந்து நிற்பது அடக்கப் பூசையில்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சாவுக்குப் பாட அழைத்துப் போவார்கள் என்றால் என் பேத்தி நம்பமாட்டேன் என்கிறாள். கணக்குப் பாடத்தின் நடுவில் கதவு திறக்கும். சிஸ்டர் அடெல்ஹைட் உள்ளே வராமல் சுருதிக் குழலை ஒரு தடவை ஊதுவார். அவ்வளவுதான், ஊரில் யாரோ போய்ச் சேர்ந்தாயிற்று, நமக்குக் கணக்கு கிடையாது! நீ திரும்பி என் காதில் சொல்வாய்: "மகராசன், பின்னம் நடத்துற நேரமாப் பாத்துச் செத்தாரு பாருடி."

அப்படிச் சிரித்துவிட்டு வந்தவள்தான், பெட்டியை வெளியே தூக்கும்போது அந்தக் கடைசி இலத்தீன் பாட்டைத் தனியாக எடுப்பாய். வானதூதர்கள் வந்து இந்த ஆத்துமத்தை மோட்சத்துக்குக் கூட்டிப்போகட்டும் என்ற பாட்டு. செத்தவரைப் பிடிக்காதவர்கள்கூட அழுவார்கள்.

நம் வகுப்பு எட்டி ஃபியொரே சொல்லும் கதைக்குத்தான் கூடத்தில் கைதட்டல் விழப்போகிறது. நீ அன்று பள்ளிக்கு வரவில்லை. அதே ஆறாம் வகுப்பு, குளிர்காலம். குழல் ஊதுகிறது, மேலங்கியை மாட்டிக்கொண்டு குஷியாகக் கோவிலுக்கு ஓடுகிறோம். பார்த்தால் பெட்டி இல்லை, சாமியார் இல்லை, ஈ காக்கை இல்லை. எட்டி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா?

"சிஸ்டர், பெட்டி எங்க?"

"பாடுறது உன் வேலை. பெட்டி எங்கேங்கிறத ஆண்டவர் பாத்துக்குவாரு. வாயத் தொற."

முதலிலிருந்து கடைசிவரை ஒரு வரி விடாமல் பாடவைத்தார். முடியும்போது, பெட்டி வெளியே போகிற மாதிரி, தானே போய்ப் பெரிய கதவை விரியத் திறந்துவிட்டார். ஏரிக்காற்று உள்ளே வந்து மூக்கைப் பிய்த்தது. சிஸ்டர் தேதியைக் குழப்பிக்கொண்டார், ஒப்புக்கொள்ள மானம் இடம் தரவில்லை என்பது எட்டியின் தீர்ப்பு. அந்தக் கோடையிலேயே அவரை வடக்கே எங்கோ மாற்றினார்கள். புத்தி தடுமாறிவிட்டது என்று நாங்களே பேசிக்கொண்டோம்.

நீ வரவேண்டும். பங்கை வழியனுப்ப அந்தப் பழைய அடக்கப் பூசையைத்தான் பாடப்போகிறோம். கடைசிப் பாட்டை எடுக்க ஆளில்லை. என் வீட்டு மாடி அறை காலிதான். என் வீட்டுக்காரர் வால்ட்டர் போனபின் குறட்டைச் சத்தமும் இல்லை.

என்றும் உன்,
லூசில்


மே 7

வாண்டா,

தபால்காரர் என்னைப் பார்த்தாலே தெருவின் எதிர்ப்பக்கம் போகிறார். வருகிறாயா இல்லையா? ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது.

லூசில்


டூசான்,
மே 12, 2012

அன்புள்ள லூசில்,

கடிதமும் வந்தது, திட்டும் வந்தது. எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிப்பதற்குள் தபாலில் சேர்க்கவேண்டும்.

நான் வரவில்லை. நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

என் அப்பா மாரடைப்பில் போனார், மில்வாக்கியில் பெரியம்மா ஊரில் அடக்கம் செய்தார்கள் என்றுதானே உன் வீட்டில் சொன்னார்கள்? அம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னாள். உண்மை அதுவல்ல. நிலக்கரி இறக்கும் துறையில் முதுகு ஒடிந்து வேலை போனதிலிருந்து அப்பா பழைய அப்பாவாக இல்லை. ஒரு நாள் காலையில் அங்கேயே ஒரு கொட்டகையில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார்.

தன்னை மாய்த்துக்கொண்டவருக்கு அடக்கப் பூசை கிடையாது என்ற அந்தக் காலத்துச் சட்டம் உனக்குத் தெரியும். ஃபாதர் கெல்லஹர் வாசலோடு நின்றார், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "என் கையில ஒண்ணும் இல்லம்மா. பூசை கெடையாது, மந்திரிச்ச மண்ணும் கெடையாது" என்றார். அம்மா, "உள்ள வந்து காப்பியாவது குடிங்க சாமி" என்றாள். இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியாதது அந்தக் காப்பிதான்.

மண் இரும்பாக உறைந்து கிடந்தது. அப்பாவோடு வேலை பார்த்த துறைமுக ஆட்கள் நிலக்கரியைக் கொண்டுவந்து கொட்டி எரித்து, இளக்கி, கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே குழி வெட்டினார்கள். எந்த நாள் என்று எனக்கு மறக்காது. புனித பிளாசியார் திருநாள். நீங்கள் எல்லாம் வரிசையில் நின்று, கழுத்தில் மெழுகுவர்த்தி வைத்துத் தொண்டைக்கு ஆசீர் வாங்கிய நாள். அம்மா என் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிவிட்டு, "ஒனக்கு இந்த வருசம் இதாம்மா" என்றாள்.

பெயர்கூடத் தெரியாத கிழவர்களுக்கெல்லாம் பாடினேன், லூசில். என் அப்பாவுக்கு ஒருவர் பாடவில்லை. மண்வெட்டிச் சத்தம்தான். நானாவது பாடலாம் என்று வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. அன்றோடு போனது போனதுதான். என் பிள்ளைகளுக்குத் தாலாட்டு பாடியது வானொலிப் பெட்டி.

இப்போது பங்குக்கு அடக்கப் பூசை என்கிறாய். செங்கல்லுக்குப் பாடுவீர்கள். என் அப்பா ஸ்தனிஸ்லாஸ் டுடெக்குக்குக் கிடையாது. அதைக் கேட்க நான் விமானம் ஏறி வரவேண்டுமா?

உன்மேல் வருத்தமில்லை. உனக்குத் தெரியாது. எட்டியின் கதையைப் படித்துச் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
வாண்டா ஹால்வர்சன்


டுலூத்,
மே 21, 2012

என் அன்பு வாண்டா,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சடைக்குப் பின்னால் அத்தனை நாள் உட்கார்ந்திருந்தும் எனக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்றே. ஈஸ்டர் கழித்து நீ திரும்பி வந்தபோது பாட எழுந்திருக்கவில்லை. சளி என்று நினைத்தேன். கோடையில் நீங்கள் ஊரைவிட்டே போய்விட்டீர்கள்.

நான் சொல்லப்போவதை அவசரப்படாமல் படி. பிளாசியார் திருநாள் என்று எழுதியிருந்தாயே, அதைத் தாண்டி என் கண் போகமாட்டேன் என்றது. எட்டியைக் கூப்பிட்டேன்.

"எட்டி, அந்தப் பெட்டி இல்லாத பூசை என்னைக்கு நடந்துச்சு?"

"தேதியா? அம்பது வருசம் ஆச்சு, என்னைக் கேட்டா?"

"யோசிச்சுச் சொல்லுடா."

"குளிரு. கதவைத் தொறந்து விட்டு எங்களச் சாவடிச்சாங்க. இரு, இரு... அன்னிக்குக் காலையிலதான் கெல்லஹர் சாமி என் கழுத்துல மெழுகுவத்திய அழுத்துன அழுத்துல காலர் பட்டன் தெறிச்சு விழுந்துச்சு. மத்தியானம் கதவு தொறந்தப்ப காத்து நேரா நெஞ்சுக்குள்ள போச்சு. அதான் அந்தக் குளிரு மறக்கல. ஏன், என்ன விசயம்?"

சொன்னேன். "லூசில், நான் இதைக் கல்யாண வீட்டுல எல்லாம் சொல்லிச் சிரிச்சிருக்கேனே" என்றான். அவன் அழுதான் என்று உன்னிடம் சொல்லக்கூடாதாம். சொல்லிவிட்டேன்.

எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. யாராவது வராத நாளில் வரிசையை நெருக்கி நிற்கவேண்டும் என்பது சிஸ்டரின் சட்டம், பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி தெரியக்கூடாது. அன்று நான் உன் இடத்துக்கு முன்னேறி நின்றேன். சிஸ்டர் என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். "அது வாண்டா எடம். அப்படியே இருக்கட்டும்" என்றார். கடைசிப் பாட்டை யாரையும் எடுக்கவிடவில்லை. கதவருகில் நின்று தானே பாடினார். பாதியில் குரல் உடைந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தோம், பன்னிரண்டு வயசு.

சிஸ்டர் எதற்காகச் செய்தார் என்று அவர் வாயால் நான் கேட்கவில்லை. கேட்க அவரும் இல்லை, வடக்கே அந்த ஊரிலேயே அவர் காலம் முடிந்தது. சத்தியம் செய் என்றால் தயங்குவேன். ஆனால் வேறு யாருக்காக? அந்த வாரம் அடக்கம் இல்லாத சாவு ஊரில் வேறு எது? திறந்த கதவு, ஒரு வகுப்புப் பிள்ளைகளின் குரல், தெருமுனை வரை கேட்டிருக்கும். கெல்லஹருக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? சிஸ்டரை ஏன் மாற்றினார்கள் என்று இப்போது புரிகிறது. புத்தி தடுமாறவில்லை.

உன் அப்பாவுக்குப் பாடினோம், வாண்டா. யாருக்கென்று தெரியாமலே பாடினோம். ஆனால் சிஸ்டர் நமக்கு என்றைக்கு யாருக்கென்று சொன்னார்?

இப்போதுள்ள சாமியார் சின்ன வயசு, நல்ல பையன். பூசையில் உன் அப்பா பெயரைச் சொல்கிறேன் என்கிறார். கல்லறைத் தோட்டத்துக்கும் போய்வந்தேன். அந்த வேலியைப் பிடுங்கிப் பல வருஷம் ஆகிறதாம். எங்கே இருந்தது என்று கேட்டால் காவல்காரருக்கே தெரியவில்லை.

வா என்று இனி வற்புறுத்த மாட்டேன். மாடி அறைக்குப் புதுப் போர்வை மட்டும் வாங்கியிருக்கிறேன்.

உன்,
லூசில்


டூசான்,
மே 29, 2012

அன்புள்ள லூசில்,

உன் கடிதம் சமையல் மேசையிலேயே கிடக்கிறது. சாப்பிடும்போது தள்ளிவைக்கிறேன், கழுவிய கையைத் துடைத்துவிட்டு மறுபடி எடுக்கிறேன்.

முதலில் சிஸ்டர்மேல்தான் கோபம் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? நேற்றுதான் தோன்றியது. சொல்லியிருந்தால் நான் அம்மாவிடம் ஓடியிருப்பேன், அம்மா தாங்கமாட்டாமல் கெல்லஹருக்கு நன்றி சொல்லப் போயிருப்பாள், காப்பியோடு. அம்மாவை சிஸ்டருக்குத் தெரியும். அம்மாவுக்கு இது தெரியாமலே போயிற்று என்பதுதான் ஆறவில்லை. ஆறாது.

இன்று காலையில் அடுப்படி நடுவில் நின்று பாடிப்பார்த்தேன். நாய் எழுந்து வெளியே போய்விட்டது. கழுதைக்கு என் குரல் தேவலை, அவ்வளவுதான் சொல்லலாம். ஆனால் வந்தது, லூசில். இலத்தீன் ஒரு சொல்கூட மறக்கவில்லை. பாடி முடித்துவிட்டு அப்பாவை நினைத்தேன். மண்வெட்டிச் சத்தம் முதலில் வரவில்லை. உங்கள் சத்தம் வந்தது, நான் கேட்டே இராத சத்தம்.

ஏழாம் தேதி வியாழக்கிழமை மாலை விமானம். எட்டியை விமான நிலையத்துக்கு வரச்சொல். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பெட்டியைத் தூக்கட்டும். அந்தக் கதையைக் கூடத்தில் அவன் சொல்லத்தான் வேண்டும், சிரிப்பை விட்டுவிடாமல் சொல்லவேண்டும் என்று சொல்.

சாமியாரிடம் அப்பா பெயர் வேண்டாம் என்று சொல்லிவிடு. வருத்தத்தில் சொல்லவில்லை. அப்பாவுக்குப் பாடியாயிற்று, நம் வகுப்பே பாடியிருக்கிறது. சிஸ்டர் அடெல்ஹைட் பெயரைச் சொல்லச் சொல். மடத்தில் அவருக்குப் பாடியிருப்பார்கள், தெரியும். ஆனால் அவர் பழக்கிய பிள்ளைகள் பாடவில்லையே.

கடைசிப் பாட்டை நான் எடுக்கிறேன். குரல் உடைந்தால் உடையட்டும், பெரிய கதவை மட்டும் விரியத் திறந்துவை.

வரிசையில் என் இடம் அப்படியே இருக்கட்டும். நீ எனக்குப் பின்னால் நில்.

உன்,
வாண்டா டுடெக்