மங்கலாக வந்தவர்

1977 மே 3, செவ்வாய்
இந்த நாட்டில் மே மாதமே குளிர் தொடங்கிவிட்டது. மகள் வசந்தி வேலைக்கு. பேத்தி மாலா பல்கலைக்கழகத்துக்கு. வீட்டில் நான் மட்டும்.

மட்டும் என்று சொல்ல முடியாது. பத்து மணிக்கு மூன்று பெண்கள் வந்தார்கள், சிவப்புச் சேலையில். மூன்று வாரமாக இப்படித்தான். பேசுவதில்லை. பயமில்லை, காரணம் அறியத்தான் ஆசை. நில அளவையாளனாக உழைத்தவன், சோதிக்காமல் விடுவேனா.

கண்ணை மூடினால் மறைவு. லைட் போட்டாலும் மறைவு.
கண்ணோரம் விரலால் அழுத்தினால் வசந்தி உட்காரும் கதிரை இரண்டாகிறது. அவர்கள் இரண்டாவதில்லை.
கதிரை மங்கல். சேலைக் கரையோ நூல் நூலாகத் துலக்கம். ஏன்?

வசந்திக்குச் சொல்லவில்லை. மாலாவுக்குச் சம்பந்தம் பேசும் நேரம். பைத்தியம் உள்ள குடும்பத்தில் யார் பெண் எடுப்பார்கள்?

மே 7, சனி
மழை. மாப்பிள்ளையின் தாய் தகப்பன் நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. வசந்தி குசினியில் பலகாரம் சுடுகிறாள். மூன்றரைக்கே வாசலில் ஒரு சிவப்புச் சேலை. நான் "வாங்கோ" சொல்லவில்லை. இவர் மட்டும் ஏன் மங்கல் என்று கிட்டப் போய் முகத்தை உற்றுப் பார்த்தேன். கண்ணை அழுத்தினேன். இரண்டு பேரானார்.

"இந்த வீட்டில வந்த ஆக்களை வாங்கோ எண்டு சொல்லுறேல்லையோ?"

மாப்பிள்ளையின் தாய். தகப்பன் காரை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்தார். தேத்தண்ணீர் தொடாமல் போனார்கள். இரவு போன்: மாலாவின் சாதகத்தைத் திருப்பித் தருகிறார்களாம். மாலா சாப்பிடவில்லை. எனக்கு வெட்கம்.

மே 9, திங்கள்
வசந்தியிடம் எல்லாம் சொன்னேன். திட்டவில்லை. பரமட்டாவில் கண் டொக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் சிரிக்கவில்லை. கண்ணின் நடுப்பகுதி பழுதாம். கண் அனுப்புவது குறைந்தால் மூளை சும்மா இராதாம், தானே படம் போடுமாம். பைத்தியம் இல்லையாம். வயதானவர்கள் பலர் காண்கிறார்கள், சொல்லத்தான் பயம் என்றார். ஏன் சிவப்பு என்று கேட்டேன். அதையும் குறித்துக்கொண்டார்.

மே 14, சனி
வெயில். சாதகம் வாங்க நானே போனேன், வசந்தியோடு. மரியாதை கெட்டவன் என்ற பெயரைவிடப் பைத்தியம் என்ற பெயர் பரவாயில்லை. அந்த அம்மாவிடம் ஒன்றும் விடாமல் சொன்னேன். கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தன் கதிரையை என் பக்கம் இழுத்தார்.

"எங்கட அம்மாவும் வாசல் முத்தத்தில பிள்ளையள் நிக்குதெண்டு சொல்லுவா. பேய் எண்டு நினைச்சு அறையில வச்சுப் பூட்டினனாங்கள்."

"அவவுக்குக் கண் தெரியுமோ?"

"கடைசியில வடிவாத் தெரியாது."

பிறகு கேட்டார்: "அந்தப் பிள்ளையள் அறைக்குள்ளயும் வந்திருக்குமோ?"

"ஓம். ஒண்டும் செய்யாதுகள்."

அழுதார். மாலாவின் சாதகம் மேசையில், உறையோடு. எழும்பும்போது அதை எடுக்கக் கையை நீட்டினேன்.

"அது இஞ்ச கிடக்கட்டும்" என்றார்.