நாலு குடம் போரிங் தண்ணீர்

இன்று காலை சான்பாடாவில் மகன் வீட்டில் கை கழுவப் போனேன். புது சோப்பு பாட்டிலை அமுக்கினேன். உள்ளங்கையில் விழுந்ததை விரலால் தொட்டு எடுத்தால் நூலாக நீண்டுகொண்டே வருகிறது, அறுவேனா என்கிறது. குழாயைத் திறக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். "கையில என்னத்தப் பாக்கிய அத்தே?" என்று மருமகள் கேட்டாள். "பதம் நல்லா விழுந்திருக்கு" என்றேன். அவளுக்கு என்ன புரியும்? புரிகிறவள் நீ ஒருத்திதான். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

எண்பதுகளின் நடுவில் ஒரு பெட்டியோடு தாராவிக்கு வந்தாய். செம்பூரில் புருஷன் கையால் வாங்கிய அடி போதும் என்று இறங்கி வந்தவள். பாளையங்கோட்டையில் கெமிஸ்ட்ரி படித்தவள். எனக்கு எட்டாங்கிளாஸ்தான், வாய்தான் எம்.ஏ. அப்போது நான் பினாயில் கலக்கி விற்றுக்கொண்டிருந்தேன். எனக்கென்று இருந்தது ஓர் ஒற்றை அறை. அதில் பாதியை டிரம் அடைத்துக்கொள்ளும், மிச்சத்தில் நாம் இரண்டு பேரும் படுத்துக்கொள்வோம். "பினாயில விடு, கை கழுவுற சோப்பு போடுவோம். ஆஸ்பத்திரிக்காரன் வாங்குவான்" என்றாய்.

முதல் நாளே உன்னிடம் ஏச்சு வாங்கினேன். சோப்புக்கு மூலப்பொருளான பேஸ்டை டிரம்மில் கொட்டி அதன்மேல் தண்ணீரை ஊற்றிவிட்டேன். பேஸ்ட் ரப்பராக இறுகிப்போய், கலக்குகிற துடுப்பு உள்ளேயே மாட்டிக்கொண்டது. "ஏட்டி, தண்ணி ஊத்துனா எல்லாம் இளகிரும்னு நெனச்சியோ? இது இறுகும். தண்ணிக்குள்ளதான் பேஸ்ட்டக் கொஞ்சங்கொஞ்சமா விடணும்" என்றாய். அன்றைக்குப் பூராவும் அந்தக் கட்டியை நான்தான் கரைத்தேன், உன்னைத் திட்டிக்கொண்டே.

பிறகு உட்கார வைத்துச் சொன்னாய். ஒவ்வொரு சோப்புத் துணுக்குக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் என்றால் உயிர், வாலுக்குத் தண்ணீரே ஆகாது. முதலில் எல்லாம் மேலே ஓடி, வாலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே இடம் தீர்ந்ததும் உள்ளேயே கூட்டம் போடும், வாலெல்லாம் நடுவில், தலையெல்லாம் சுற்றிலும், உருண்டை உருண்டையாக.

"கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதத எப்படிட்டி நம்ப?"

"சாமிய நம்புதேல்லா, அப்படித்தான்."

அந்தத் தலைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்குமாம். உப்பைப் போட்டால் அந்தத் தள்ளல் குறைந்து நெருங்கும். உருண்டைகள் நூலாக நீளும், நூல்கள் சேவை மாதிரி பின்னிக்கொள்ளும். சோப்பு கெட்டியாவது அதனால்தான் என்றாய். "ஆனா அளவு தாண்டுச்சுன்னா பின்னல் நிக்காது, மறுபடியும் தண்ணியாப் போயிரும்" என்றும் சொன்னாய். நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினேன்.

உன் அண்ணன் ஊரிலிருந்து வந்த நாளுக்கு வருகிறேன். தாதரிலிருந்து சாயங்கால வண்டிக்கு இரண்டு டிக்கெட்டோடு வந்திருந்தார். "ஒத்தப் பொம்பளையா இந்தச் சாக்கடைக்குள்ள என்னத்தப் பொழைக்கப் போற? கிளம்பு" என்றார். நீ அழவில்லை. "இன்னைக்கு மூணு மணிக்கு மாட்டுங்கா நர்சிங் ஹோம் ஆளு அஞ்சு கேன் எடுக்க வாராரு. அவரு பாத்துட்டு வேண்டாம்னு சொன்னா நான் உங்ககூட வாரேன்" என்றாய். அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஊருக்குப் போனால் ஒரு மாதத்தில் உன்னைச் சமாதானம் பண்ணித் திரும்பச் செம்பூருக்கே அனுப்பிவிடுவார்கள். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று காலையில் குழாயடியில் ஒருத்தியோடு சண்டை பிடித்தேன். அவள் குடத்தை முன்னால் நகர்த்தினாள், நான் விடுவேனா? சண்டை முடிந்து திரும்பினால் தண்ணீர் நின்றுபோயிருந்தது. கோபத்தில் நேரே போய் போரிங் கைப்பம்பில் அடித்து நாலு குடம் கொண்டுவந்து டிரம்மில் ஊற்றினேன். காடி என்கிற கடல் கழி பக்கத்தில் இருக்கிற பூமி, வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீர். பாத்திரம் கழுவத்தான் ஆகும் என்று நீ ஆயிரம் முறை சொல்லியிருந்தாய். உன் அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சண்டை போட்டுத் தண்ணீரைக் கோட்டைவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

பேஸ்ட் கரைந்தது, வாசனை சேர்ந்தது, வழக்கமான அளவு உப்பையும் நீ போட்டாய். துடுப்பைத் தூக்கினால் கொழகொழவென்று இறங்க வேண்டியது சளசளவென்று வடிந்தது. நீ சாமான் வைத்திருந்த மூலையில் பேஸ்ட் டின்னைப் பார்க்கப் போன நேரத்தில் நான் மேலும் இரண்டு கை உப்பு போட்டேன். இன்னும் இளகியது. மூன்றாவது கை போடப் போனபோது நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். "உப்பத் தொடாத" என்றாய்.

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. உன் அண்ணன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "இது என்ன சோப்பா, கஞ்சித் தண்ணியா? யாரு கெடுத்தது?"

"நான்தான் அண்ணே. உப்பு அளவு தப்பிட்டு" என்றாய்.

நீ தரையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் என்னவோ கணக்குப் போடுகிறாய், அடிக்கிறாய், மறுபடியும் போடுகிறாய். போட்ட உப்புக்கு இது கெட்டியாகியிருக்க வேண்டுமே என்று முணுமுணுக்கிறாய். உனக்குத் தெரியாத உப்பு தண்ணீரிலேயே இருந்தது, உன் முதுகுக்குப் பின்னால் நான் போட்டதும் இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவள் நான். கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துச் செருப்பைத் தேட ஆரம்பித்த பிறகுதான் சொன்னேன், "அது போரிங் தண்ணிட்டி. உப்பும் ரெண்டு கை நான் போட்டேன்."

நீ என்னைத் திட்டியிருக்கலாம், ஓர் அறை வைத்திருக்கலாம். "எத்தன குடம்?" என்று மட்டும் கேட்டாய்.

"நாலு."

உடனே எழுந்துவிட்டாய். ஒரு தம்ளர் சோப்பில் கொஞ்சம் பேஸ்டையும் குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரையும் விட்டுக் கலக்கினாய். கலக்கக் கலக்கத் தம்ளரில் கரண்டி கனத்தது. தண்ணீர் ஊற்றினால் இறுகுகிற கூத்தை, அந்த முதல் நாளுக்குப் பிறகு இரண்டாம் முறையாகப் பார்த்தேன். "உப்பு அளவு தாண்டிட்டு, அதான் பின்னல் நிக்கல. பாதிய வெளிய எடுத்துருவோம். நல்ல தண்ணி மூணு குடம் வேணும். ஓடு" என்றாய்.

ஓடினேன். மறுநாள் காலைவரை குழாயில் தண்ணீர் கிடையாது, யார் கொடுப்பார்கள்? தோல் பட்டறைக்காரர் வீட்டு ஆமினாக்கா, "நோன்பு மாசம், தண்ணி இல்லாம என்னம்மா செய்ய?" என்று கேட்டுவிட்டு, கேட்டபடியே இரண்டு குடத்தை எடுத்துத் தந்தாள். மூன்றாவது குடத்துக்குக் குழாயடியில் சண்டை போட்டேனே, அவள் வாசலிலேயே போய் நின்றேன். முறைத்துக்கொண்டே கொடுத்தாள். சந்து முனையில் உன் அண்ணன் எதிரே வந்து என் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டார்.

மூன்று மணிக்கு வந்த ஆள் ஒரு சொட்டு எடுத்து விரலில் இழுத்துப் பார்த்தார், தலையாட்டினார். ஐந்து கேனும் போனது. உன் அண்ணன் ஒரு டிக்கெட்டை உன் கையில் கொடுத்து, "கிழிச்சிப் போட்டுரு" என்றார். அவர் தனியாகவே வண்டி ஏறினார்.

அதன்பிறகு இருபது வருஷத்துக்கு மேல் ஒரே துடுப்பைப் பிடித்தோம். ஒரு நாளாவது கேட்டாயா, கால் மணி நேரம் ஏன் சும்மா இருந்தாய் என்று? கேட்டால் பயத்தில் நாக்கு எழவில்லை என்று சொல்ல வைத்திருந்தேன். பொய். பயம் முதல் இரண்டு நிமிஷம்தான். அப்புறம் நான் நினைத்தது வேறு. நீ போய்விட்டால் டிரம் எனக்கு, நர்சிங் ஹோம் எனக்கு, அறையில் காலை நீட்டிப் படுக்கலாம். சீ என்று இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன். இத்தனை வருஷமும் தூக்கிக்கொண்டு அலைந்தது அதைத்தான். நீ நோட்டைப் பார்த்துக் குனிந்திருந்தபோது கொடியில் கிடந்த உன் இரண்டு சேலைகளையும் எடுத்து மடித்து உன் பெட்டிமேல் வைத்தேன்.

அண்ணனை வழியனுப்பிவிட்டு வந்து அந்தச் சேலைகளைப் பார்த்தாய். ஒவ்வொன்றாக உதறி மறுபடியும் கொடியில் போட்டாய், என் முகத்தைப் பார்க்காமலே. அப்புறம், "சோறு வடிச்சிட்டியா?" என்றாய்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் என்னோடு இத்தனை வருஷம் இருந்தாயாட்டி?