தரைத்தளம் கிடைத்தால் நல்லது

ஆகஸ்ட் 11
மகள் செஃபாகோரின் கல்லூரி விடுதிப் படிவத்தை நானே நிரப்பினேன். நடுநிலைப் பள்ளியோடு நின்று வேன் ஓட்டுகிறவனுக்குப் பேனா பிடித்தாலே கை வேர்க்கிறது. ‘உடல்நலக் குறை’ என்ற கட்டத்தில் ‘இல்லை’. ‘விருப்பம்’ என்ற கட்டத்தில், ‘தரைத்தளம் கிடைத்தால் நல்லது.’ மாடி ஏறி உடம்பை வருத்தினால் அவளுக்கு வலி வந்துவிடும். மகளுக்குச் சிக்கிள் செல் ரத்த நோய் என்று காகிதத்தில் ஏறினால், நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் காதுக்கு எட்டாதா? எங்கள் கெட்டா சின்ன ஊர்.
“உண்மையை எழுதுங்களேன், செஃபாகோர் அப்பா” என்றாள் மனைவி.
“சும்மா இரு. ஆபீஸ் பாஷை எனக்குத் தெரியும்.”
பெரிய வக்கீல் நான்!

செப்டம்பர் 3
நாலாவது மாடி. கீழ் அறைகளைக் குலுக்கலில் கொடுத்துவிட்டார்களாம்.

செப்டம்பர் 20
மாடிக் குழாயில் தண்ணீர் ஏறாது. கீழே பிடித்து, வாளியைத் தலையில் சுமக்கிறாள். “மாடிக்கு ஒரு தடவை உக்காந்துக்குவேன்ப்பா. ரூம்ல இருக்குற எலிகெம் என்னைக் கிழவின்னு கூப்பிடுறா” என்று போனில் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

அக்டோபர் 2
கல்லூரி இருக்கும் ஹோ நகருக்குப் போய் விடுதி மேடத்தைப் பார்த்தேன். என் கையெழுத்தையே என் முன்னால் வைத்தார். “விருப்பம்னுதானே போட்டிருக்கீங்க? விருப்பம் எல்லாருக்கும்தான் இருக்கு. பொண்ணு நல்லாத்தானே நடமாடுறா!”
அப்போதாவது சொல்லியிருக்கலாம். வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் சர்ச் ஆள் ஒருவர், தன் மகளோடு. வாயைத் திறந்தேன். “நன்றி மேடம்” என்றுதான் வந்தது.

அக்டோபர் 19
வாளியோடு படிக்கட்டிலேயே விழுந்திருக்கிறாள். வலி. எலிகெம்தான் முதுகில் சுமந்து இறக்கினாளாம். ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் அந்தப் பெண் கத்தினாள்: “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தண்ணிய நான் தூக்கியிருப்பேனே! கிழவின்னு கேலி பண்ணிட்டு இருந்தேனே அங்கிள், ஏன் மறைச்சீங்க?”

நவம்பர் 6
டாக்டர் எக்ஸ்ரே காட்டினார். ரத்த ஓட்டம் நின்று, இடுப்பு மூட்டில் எலும்பின் ஒரு பகுதி செத்துவிட்டதாம். “மாடி ஏறுனதாலயா, டாக்டர்?” என்று கேட்டேன். “அதனால மட்டும்னு சொல்ல முடியாது” என்றார். நல்ல மனிதர்.

ஜனவரி 14
செஃபாகோரின் ஊன்றுகோலைப் பார்த்ததும் விடுதி மேடம் எழுந்து நின்றுவிட்டார். கீழே, வாசலுக்குப் பக்கத்து அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். இருபது அடி தூரம்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் போனேன்.
“மெதுவா போங்கப்பா” என்றாள்.
மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.