மாமாவுக்கு என் கண்ணாடி

மச்சான்,

சீத்தா கேம்ப்ல அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போறேன். இன்னிக்கு மாமாவைப் பாத்துக்கிட வேண்டியது நீங்கதான், உங்க வாப்பாதானே! அவுகளுக்குக் கஞ்சி குக்கர்ல இருக்கு. உங்களுக்கு மீன்குழம்பு.

பாங்கு கேக்கும்போதெல்லாம் மாமாவைத் திருப்பிப் படுக்க வைக்கேன்னு சொன்னீங்க. நல்ல யோசனைதான். ஆனா விடியக்கால சுபுஹுக்கும் மத்தியான லுஹருக்கும் நடுவுல எவ்வளவு நேரம் கிடக்கு! வாதம் வந்த மனுஷர் தானாப் புரள முடியுமா? ஜன்னலைப் பாத்தே படுத்து இடது இடுப்பு செவந்துபோச்சு. அதுக்குத்தான் நேத்து கத்துனேன். கொஞ்சம் ஜாஸ்தியாவே கத்திட்டேன்.

உங்க போன்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வச்சிருக்கேன். ஒரு தடவை மல்லாக்க, அடுத்த தடவை வலது பக்கம். இடது பக்கம் வேண்டவே வேண்டாம். செவந்த இடத்துல தைலம் போட்டுத் தேய்ச்சிராதீங்க. இழுக்காமத் தூக்கித் திருப்பணும், பெட்ஷீட்டோட மறுபக்கத்தைப் பிடிக்கப் பக்கத்து வீட்டு சுடலைக்கண்ணனைக் கூப்பிடுங்க.

வலது பக்கம் திருப்புனா வெறும் சுவர்தான் தெரியுதுன்னு மாமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிடுவாக. அதான் நான் தலை சீவுற என் கண்ணாடியைக் கழட்டி அந்தச் சுவர்ல மாட்டிட்டேன். ஜன்னலுக்கு வெளிய இருக்கற கல்லித்தெரு முழுக்க அதுல தெரியுது. காலையில பால்காரரைப் பாத்துச் சிரிச்சாக.

ஃபர்ஸானா

பி.கு: டீ குடிக்கத் தெருமுனை நாக்காவுக்கு நழுவுனீங்கன்னா அதுவும் கண்ணாடியில தெரியும். மாமாவுக்குப் பேச்சுதான் வரலை. ஒரு கை நல்லாத்தான் இருக்கு. நீங்க போன திசையைக் காட்டிருவாக.