அறுபத்தொரு தலைகள்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் வீட்டுக்காரியின் முதுகுவலி குறைந்ததா? கனமான குடத்தைத் தூக்க விடாதே, நீ தூக்கு. கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய் என்றுதான் எழுதிக் கேட்கிறேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் காலை ஒன்பது மணிக்குக் கிளைக் கல்லூரிக்குப் போய்க் கணக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன். என் இடத்துக்குத் தலைமை வளாகம் ஆள் போடவில்லை. இயற்பியலுக்கும் ஆள் இல்லை, வேதியியல்காரரே இரண்டையும் இழுக்கிறார். ஆய்வகத்தில் மிஞ்சியிருப்பது ஒரே தராசு. அது காலியாக இருக்கும்போதே நான்கு கிராம் காட்டுகிறது. பிள்ளைகள் எல்லா விடையிலும் நான்கைக் கழித்து எழுதப் பழகிவிட்டார்கள். அதையும் ஒரு பாடமாக நினைத்துக்கொள்கிறேன்.

நெடுஞ்சாலை ஓரத்தில் தொழில்நுட்பப் பள்ளி திறந்து மூன்று வருடம் ஆகிறது. புதுக் கட்டடம், நீல நிற பஸ், படித்து முடித்தவுடன் வேலை. அதன் முதல்வர் பட்டறையில் இருந்து மேலே வந்தவர். நாங்கள் அவருக்கு 'ஸ்பேனர் சார்' என்று பேர் வைத்திருக்கிறோம். நல்ல பிள்ளைகள் எல்லாம் அந்த நீல பஸ்ஸில் ஏறிப் போகிறார்கள்.

எங்களிடம் முதலாண்டில் இதுவரை முப்பத்தெட்டுப் பேர். ஆகஸ்ட் கடைசி நாள் தலை எண்ண வருவார்கள். அறுபது இல்லையென்றால் மூடிவிடுவார்கள் என்று வாட்ச்மேன் வரைக்கும் பேச்சு. நீ திட்ட அலுவலகத்தில் இருக்கிறாய், உனக்குத் தெரியாமல் இருக்காது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஓடாத பஸ்ஸுக்கு ஒருவர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தால் அவரை என்னவென்று சொல்வாய்? மூடுவதாக இருந்தால் ஒரே வரியில் எழுதிவிடு. நான் வீடு வீடாகப் போய் யாரையும் கூப்பிட மாட்டேன்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

குடத்தை இப்போது நான்தான் தூக்குகிறேன். முதுகுவலி எனக்கு மாறிவிட்டது. திருப்தியா?

உன் கடிதத்தை அலுவலகத்திலேயே இரண்டு முறை படித்தேன். வாட்ச்மேன் பேச்சை எல்லாம் நம்பி ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. கிளையை மூடும் எண்ணம் யாருக்கும் இல்லை. அறுபது தலை மட்டும் காட்டிவிடு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். இது என் வார்த்தை.

நீ வாசலில் வந்து நின்றால் எந்த வீட்டில் மறுப்பார்கள்? கணக்கு என்றாலே காய்ச்சல் வரும் என்னையே பட்டதாரி ஆக்கியவள் நீ. அம்மா போன பிறகு என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தாயே, அந்தக் குரலில் கேள். வந்துவிடுவார்கள்.

அன்புடன்,
தம்பி


செப்டம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

அறுபத்தொன்று!

இரண்டு ஜோடிச் செருப்பு தேய்ந்தது. நாற்பத்துநான்கு வீடு ஏறினேன். எல்லாவற்றையும் எழுதினால் நீ கொட்டாவி விடுவாய், கடைசி வீட்டை மட்டும் சொல்கிறேன்.

சந்தைக்குப் பின்னால் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். கணவர் இல்லை. ஒரே மகள், பள்ளியில் கணக்கில் முதல் மதிப்பெண். நான் போனபோது அந்தம்மா ஒரு பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு அங்க குளிர்சாதனப் பிரிவுல இடம் கிடைச்சிருச்சு டீச்சர். நாளைக்குப் போய்ச் சேரணும். ஒன்றரை வருஷத்துல வேலைன்னு சொல்றாங்க."

"இவ்வளவு நல்லா கணக்குப் போடுற பொண்ணு, ஊரார் வீட்டு ஏசிக்கு ஸ்க்ரூ முடுக்கப் போகணுமா?"

மகள் சும்மா இருக்கவில்லை. "எனக்கு மோட்டார் பிரிக்கப் பிடிக்கும் டீச்சர். அம்மா மெஷின் மோட்டாரை நான்தான் சரி பண்ணினேன்."

"அது ஏன் சுத்துதுன்னு தெரியாமலே பிரிச்சியா? அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் எங்க காலேஜ் இருக்கு."

பெண் மெஷின் மோட்டாரைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மூடப் போறாங்கன்னு பேசிக்கிறாங்களே?"

"யார் சொன்னது? என் தம்பியே பெரிய ஆபீஸ்ல இருக்கான், எழுதிக் கொடுத்திருக்கான். நான் பொறுப்பும்மா."

"நீங்க சொன்னா சரி டீச்சர்" என்று அவர் அப்போதே மகளின் அசல் சான்றிதழ்களை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

நேற்று உங்கள் அதிகாரி வந்தார். வழக்கம்போல வருகைப் பதிவேட்டைத் தொடக்கூட இல்லை. ஒவ்வொருவராக எழுந்து நின்று தன் எண்ணைத் தானே உரக்கச் சொல்ல வேண்டும். காய்ச்சலில் கிடந்த ஒரு பெண்ணைப் போர்வையோடு கூட்டி வந்தோம். அவள் முப்பத்தேழு என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். தையல்காரம்மா மகள் கடைசி. அவள் போட்ட சத்தத்தில் அதிகாரி, "எனக்குக் காது கேட்கும்மா" என்றார். வகுப்பே சிரித்தது. அந்த அறையில் அப்படிச் சிரிப்பு கேட்டு எத்தனை வருடம் ஆகிறது தெரியுமா?

அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் அதிகாரியிடமே ஒப்படைத்துவிட்டோம். பத்திரமாக வைக்கச் சொல்.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 14

அன்பான அக்காவுக்கு,

நீ ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறாய். எவ்வளவு பெரியது என்று உனக்கே தெரியாது.

தலைமை வளாகத்தில் புது ஆராய்ச்சித் துறை தொடங்க அனுமதி கேட்டிருந்தோம். கிளைகளையும் சேர்த்து மொத்தம் ஐயாயிரம் மாணவர்கள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எண்ணி முடித்தால் ஐயாயிரத்துப் பன்னிரண்டு! உன் அறுபத்தொன்று இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும், நினைத்துப் பார். இப்போது தற்காலிக அனுமதி வந்திருக்கிறது. மார்ச்சில் ஒரு குழு வந்து சரிபார்த்தால் உறுதியாகிவிடும். துறைக்கு இயக்குநராக என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். வெளியே சொல்லாதே.

தராசு வாங்கக் குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
தம்பி


ஜனவரி 8

அனுப்புநர்: திட்ட அலுவலகம், தலைமை வளாகம்
பெறுநர்: கணித ஆசிரியர் (ஓய்வு), கிளைக் கல்லூரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பொருள்: கிளை வளாகத்தைத் தலைமை வளாகத்துடன் இணைத்தல்.

நிர்வாகக் குழுவின் முடிவின்படி, வரும் கல்வியாண்டு முதல் கிளை வளாகத்தில் வகுப்புகள் நடைபெறா. தற்போது பயிலும் மாணவர்கள் தலைமை வளாகத்தில் தங்கள் படிப்பைத் தொடரலாம். தங்களின் தன்னார்வப் பணிக்கு நிர்வாகம் நன்றி தெரிவிக்கிறது.

ஒப்பம்
திட்ட அலுவலர்

(பின்பக்கம், பேனாவில்: அக்கா, எல்லோருக்கும் அனுப்பியதில் இதுவும் ஒன்று. கோபப்படாதே. போனை எடு.)


ஜனவரி 19

தம்பிக்கு,

போனை எடுக்க மாட்டேன்.

கரும்பலகைக்கு முன்னால் நின்று அந்தத் தாளை நானே படித்துக் காட்டினேன். ஒருத்தி மட்டும், "அப்போ நாளைக்கு டெஸ்ட் இருக்கா டீச்சர்?" என்றாள். இருக்கிறது என்றேன். வைத்தேன். எல்லோரும் எழுதினார்கள்.

தலைமை வளாகத்தில் தொடரலாமாம். பஸ்ஸில் ஒரு வழிக்கு ஐந்து மணி நேரம். விடுதியில் இடம் உண்டா என்று கேட்டதற்கு உங்கள் அலுவலகத்தில் இருந்து பதில் இல்லை. முப்பத்தெட்டுப் பேர் எப்படியோ வருகிறோம் என்கிறார்கள். இருபத்துமூன்று பேரால் முடியாது. அந்த இருபத்துமூன்று பேரும் நான் படியேறிப் போய் அழைத்து வந்தவர்கள்.

அதனால் நேற்று ஸ்பேனர் சாரைப் பார்க்கப் போனேன். வாசலில் கால் கூசியது. அவர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"எனக்கு ஸ்பேனர்னு பேர் வச்சது நீங்கதானே டீச்சர்?"

"ஆமா சார்."

"நல்ல பேருதான். எந்த நட்டுக்கும் செட் ஆகுறவன்னு எடுத்துக்கிட்டேன். சொல்லுங்க, எத்தனை பேரு?"

மார்ச் ஒன்றாம் தேதி அவர்களுக்கு ஒரு புதிய பேட்ச் தொடங்குகிறது. இருபத்துமூன்று பேரையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். மாற்றுச் சான்றிதழும் அசல் சான்றிதழ்களும் பிப்ரவரி இருபத்தைந்துக்குள் வர வேண்டும். அவருடைய மேலிடத்தில் நகலை ஏற்பதில்லை. அடுத்த சேர்க்கை ஜூலையில். மற்றவர்கள் அதுவரை காத்திருக்கலாம், தையல்காரம்மா மகளால் முடியாது. பத்தொன்பது முடிந்தவர்களை அங்கே சேர்ப்பதில்லை, அவளுக்கு ஏப்ரலில் முடிகிறது.

உன்னிடம் நியாயம் கேட்கவில்லை. இருபத்துமூன்று உறைகள் கேட்கிறேன். விண்ணப்பங்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம். உன்னிடம் மறைத்து எனக்கு என்ன வரப் போகிறது, சொல்லிவிடுகிறேன். கிளையை மூடுவது போன ஏப்ரலிலேயே முடிவானது. ஜூனில் நீ கேட்டபோது எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் நீ ஒரு வீட்டுப் படியும் ஏறியிருக்க மாட்டாய், அந்த எண்ணிக்கையும் வந்திருக்காது. இங்கே எட்டு வருடமாக நான் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன் அக்கா. ஒரு முறை, ஒரே ஒரு முறை, எனக்கென்று ஒரு கதவு திறந்தது.

சான்றிதழ்கள் தயாராக என் அலமாரியில்தான் இருக்கின்றன. ஆனால் இப்போது அனுப்பினால் மொத்தம் ஐயாயிரத்துக்குக் கீழே போய்விடும். மார்ச் ஆறாம் தேதி குழு அங்கே வருகிறது. அவர்கள் போன மறுநாளே அனுப்பிவிடுகிறேன். பத்து நாள்தானே வித்தியாசம்? ஸ்பேனர் சாரிடம் நீ கேட்டால் தள்ளிக் கொடுக்க மாட்டாரா? அன்று மட்டும் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வை. எல்லோரும் இங்கேதான் படிக்கிறார்கள் என்று சொல். அது பொய்கூட இல்லை, அன்றைய தேதிக்கு அதுதான் உண்மை.

எனக்காக இதை மட்டும் செய்.

உன்
தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

இருபத்துமூன்று உறைகளும் பதினொன்றாம் தேதி வந்து சேர்ந்தன. நன்றாக ஒட்டியிருந்தாய். வரிசையாக எண்கூடப் போட்டிருந்தாய்.

ஸ்பேனர் சாரிடம் கேட்டேன். மூன்று நாள் அவர் மேலிடத்துக்கு அலைந்தார். முடியவில்லை. பேட்ச் தொடங்கிவிட்டது. இருபத்திரண்டு பேர் ஜூலைக்குப் பேர் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் எத்தனை பேர் கடையிலும் கல்யாணத்திலும் போய்ச் சேர்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

தையல்காரம்மா மகள் குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பெட்டி அடுக்குகிறாள். அங்கே இயந்திரம் நின்றால் சரிசெய்ய வருகிறவர்கள் அந்தத் தொழில்நுட்பப் பள்ளியில் படித்தவர்கள். இவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்று பார்ப்பாளாம். மேற்பார்வையாளர் திட்டுகிறாராம். சான்றிதழைக் கொடுக்கப் போனேன். அம்மா வாங்கி மெஷின் மேல் வைத்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் தையலை நிறுத்தவே இல்லை.

"பொறுப்புன்னு சொன்னீங்களே டீச்சர். அப்படின்னா என்ன? எனக்குப் படிப்பு இல்லை, அதான் கேட்கிறேன்."

முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தியவள் நான். எதைக் கேட்டாலும் ஒரு உதாரணம் வைத்திருப்பேன். அன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

இனி குழு வந்த கதை. உனக்கு அரைகுறையாக வந்து சேர்ந்திருக்கும். முழுதாகச் சொல்கிறேன். ஆறாம் தேதி நான் யாரையும் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. இருபத்துமூன்று பேரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முப்பத்தெட்டுப் பேர் எழுந்து நின்று எண் சொன்னார்கள். குழுத் தலைவர், "மீதிப் பேர் எங்கேம்மா?" என்றார். "அவர்களுடைய சான்றிதழ்கள் திட்ட அலுவலகத்தில் ஒரு அலமாரியில் இருக்கின்றன" என்றேன். எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். உன் ஜூன் கடிதத்தையும் பிப்ரவரிக் கடிதத்தையும் இணைத்தேன். தொழில்நுட்பப் பள்ளியை மட்டமாகப் பேசி அந்தப் பிள்ளைகளின் மனதைத் திருப்பியது நான்தான் என்பதையும் எழுதினேன். முழுப் பழியையும் உன் தலையில் மட்டும் வைக்க எனக்கு உரிமை இல்லை. என் பங்கு என்னுடையதுதான்.

படித்துவிட்டுத் தலைவர், "இவர் உங்களுக்கு உறவா?" என்று கேட்டார். "வளர்த்த பிள்ளை" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "திருப்பி வாங்கிக்கிறீங்களா?" என்றார். வேண்டாம் என்றேன்.

உன் துறை வராது. இருக்கிற வேலைக்கும் ஆபத்து வரலாம். எனக்கு இதில் சந்தோஷம் இல்லை. கிளையும் பிழைக்காது, அந்தப் பெண்ணின் வருடமும் திரும்பாது, அதுவும் தெரியும். தெரிந்துதான் எழுதிக் கொடுத்தேன்.

நீ விளக்கம் எழுதுவாய். நன்றாகவே எழுதுவாய், படித்தால் நான் இளகிவிடுவேன். அதனால் தபால்காரரிடம் சொல்லிவிட்டேன், உன் கையெழுத்தில் எந்த உறை வந்தாலும் என் வாசலுக்குக் கொண்டுவராமல் திருப்பி அனுப்பிவிடும்படி. "தம்பியாச்சேம்மா" என்றார். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன் என்றேன்.

அக்கா